ஆறு நாளாக ஓடும் கன்டெய்னரை நிறுத்தாமல் சர்வரை ரீபூட் செய்ய முடியுமா?

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

ஒரு சிமுலேஷன் புரோகிராம் போட்மேன் கன்டெய்னரில் (புரோகிராமைத் தனி அறை போலப் பிரித்து ஓட்டும் முறை) ஆறு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. மொத்தம் 60,000 படிகள், இப்போது 40,000-ஐத் தாண்டிவிட்டது. எழுதியவர் இப்போது எங்கள் குழுவில் இல்லை. இடையில் சேமித்து வைத்துத் தொடரும் வசதியை அவர் வைக்கவே இல்லை. நிறுத்தினால் படி 1-இல் இருந்து மறுபடி ஓட்ட வேண்டும்.

கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்திருக்கிறது. நாளை இரவுக்குள் சர்வரை ரீபூட் செய்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. கன்டெய்னரை அப்படியே உறையவைத்து, ரீபூட்டுக்குப் பிறகு விட்ட இடத்தில் இருந்து ஓடவிட வழி உண்டா? மெமரி சுமார் 11 ஜிபி பிடித்திருக்கிறது.

---

சும்மாஒருவன் எழுதியது:

கமிட் செய்து இமேஜாக (கன்டெய்னர் எதிலிருந்து தொடங்குகிறதோ அந்தக் கோப்புத் தொகுப்பு) மாற்றிவிடுங்கள். ரீபூட்டுக்குப் பிறகு அந்த இமேஜை ஓட்டினால் போதுமே?

---

குழாய்வழி எழுதியது:

தயவுசெய்து அதை மட்டும் நம்பி ரீபூட் செய்துவிடாதீர்கள். கமிட் எடுப்பது கன்டெய்னரின் கோப்புகளை மட்டும், அதிலும் வால்யூமில் (கன்டெய்னருக்கு வெளியே வைக்கும் சேமிப்பிடம்) இருப்பதைச் சேர்க்காது. மெமரியில் இருக்கும் 11 ஜிபி பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அந்த இமேஜை ஓட்டினால் படி 1-இல் இருந்துதான் தொடங்கும்.

பாஸ் கட்டளையும் உதவாது. அது சிகுரூப் என்ற கெர்னல் வசதியின் ஃப்ரீஸர் வழியாக புரோசஸை, அதாவது ஓடும் புரோகிராமை, அசையாமல் நிறுத்துகிறது, அவ்வளவுதான். எல்லாம் ரேமிலேயே இருக்கும். ரீபூட் ஆனால் எல்லாம் போச்சு.

உங்களுக்கு வேண்டியது செக்பாயின்ட். போட்மேனிலேயே 'கன்டெய்னர் செக்பாயின்ட்', 'கன்டெய்னர் ரீஸ்டோர்' என்று இரண்டு கட்டளைகள் உண்டு. உள்ளே வேலை செய்வது கிரியூ என்கிற கருவி. மெமரி, ரெஜிஸ்டர்கள், திறந்திருக்கும் கோப்புகள், அவற்றில் எந்த இடம் வரை படித்திருக்கிறது, பைப்புகள், டைமர்கள் எல்லாவற்றையும் வட்டில் எழுதிவிடும்.

ஆனால் நேரடியாக அசல் மேல் கை வைக்காதீர்கள். அதே இமேஜில் சின்ன உள்ளீடு கொடுத்து இன்னொரு கன்டெய்னரை ஓடவிட்டு அதில் முதலில் முயன்று பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள்: கன்டெய்னரை எந்தக் கொடிகளோடு (ஆப்ஷன்களோடு) தொடங்கினீர்கள்? வெளியே எதனோடாவது பேசிக்கொண்டிருக்கிறதா?

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

நன்றி. ரூட்டாகத்தான் (முழு உரிமையோடு) ஓடுகிறது. தொடங்கும்போது ஆர்எம் கொடி போட்டிருக்கிறார்கள், முடிந்ததும் தானாக அழிந்துவிடும்படி. முடிவுகள் எழுதும் கோப்புறை ஹோஸ்டில் இருந்து பைண்ட் மவுன்ட், அதாவது சர்வரில் இருக்கும் கோப்புறையையே கன்டெய்னருக்குள் காட்டுவது. ஒவ்வொரு 100 படிக்கும் ஒரு வரியை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எழுதுகிறது, அது வேறொரு மெஷினில்.

சோதனைக் கன்டெய்னரில் செக்பாயின்ட் கொடுத்தேன். ஆர்எம் போட்ட கன்டெய்னரை எக்ஸ்போர்ட் இல்லாமல் செக்பாயின்ட் எடுக்க முடியாது என்று சொல்லி நின்றுவிட்டது.

---

குழாய்வழி எழுதியது:

அது நியாயமான தடைதான். செக்பாயின்ட் முடிந்ததும் கன்டெய்னர் நிற்கும், நின்றதும் ஆர்எம் கொடி அதை அழிக்கும், கூடவே உள்ளே எழுதிய செக்பாயின்ட்டும் அழியும். அதனால் எக்ஸ்போர்ட் கொடுத்து வெளியே ஒரு டார் கோப்பாக எடுங்கள். அதில் மெமரியோடு, இமேஜின் மேல் கன்டெய்னர் செய்த கோப்பு மாற்றங்களும் பெயருள்ள வால்யூம்களும் வரும். பைண்ட் மவுன்ட் வராது. அது ஹோஸ்டிலேயே இருப்பதால் உங்களுக்குக் கவலை இல்லை. வேறு மெஷினுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் நீங்களே நகலெடுக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த டார் கோப்பை டெம்ப் கோப்புறையில் வைக்காதீர்கள். பல டிஸ்ட்ரோக்களில் அது டெம்ப்எஃப்எஸ், அதாவது ரேம். சிரிப்பாக இருக்கும், ஆனால் நான் ஒருமுறை செய்திருக்கிறேன். செக்பாயின்ட் எடுத்து, நிம்மதியாக ரீபூட் செய்து, வந்து பார்த்தால் செக்பாயின்ட்டே இல்லை.

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

டெம்பில்தான் வைத்திருந்தேன் :(  மாற்றிவிட்டேன்.

---

பழையகெர்னல் எழுதியது:

கிரியூ உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் பிழைச்செய்திகளைப் பார்த்துப் பயம் வராது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

ஓடும் புரோசஸின் நிலையைச் சேமிக்கும் வேலையைக் கெர்னலுக்குள்ளேயே செய்ய முன்பு பெரிய பேட்ச் தொகுப்புகள் வந்தன. கெர்னலின் எல்லா மூலைகளிலும் கை வைக்க வேண்டியிருந்ததால் அவை சேர்க்கப்படவில்லை. 2011-இல் பாவெல் எமெல்யானோவ் வேறு வழியில் தொடங்கினார்: முடிந்த அளவு வேலையை யூசர்ஸ்பேஸில், அதாவது கெர்னலுக்கு வெளியே, செய்வோம், கெர்னலில் எங்கே தகவல் கிடைக்கவில்லையோ அங்கே மட்டும் சின்னச் சின்ன ஜன்னல் கேட்போம். 2012-இல் முதல் பேட்சுகளை ஏற்றுக்கொண்ட ஆன்ட்ரூ மார்ட்டன், இது பைத்தியக்கார ரஷ்யர்கள் சிலரின் திட்டம் என்று கமிட் குறிப்பிலேயே எழுதினார். கடைசியில் வேலைக்கு ஆகாவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடலாம் என்கிற தொனி அதில் இருக்கும். பிடுங்க வேண்டிய அவசியம் வரவில்லை. 2013-இன் இறுதியில் கிரியூ 1.0 வந்துவிட்டது.

சேமிக்கும் விதம் அழகானது. பிட்ரேஸ் (பிழைதேடும் கருவிகள் பயன்படுத்தும் கெர்னல் அழைப்பு) மூலம் புரோசஸைப் பிடித்து நிறுத்துகிறது. கெர்னல் தன் தகவல்களைக் காட்டும் புராக் கோப்பு முறைமையில் இருந்து மெமரி வரைபடத்தையும் திறந்த கோப்புகளையும் படிக்கிறது. வெளியே இருந்து பார்க்க முடியாத விஷயங்களுக்காக அந்தப் புரோசஸின் மெமரிக்குள்ளேயே ஒரு குட்டிக் கோடைச் செலுத்துகிறது. அதன் பெயரே ஒட்டுண்ணி. அது உள்ளே இருந்து பக்கங்களை பைப் வழியாக வெளியே தள்ளும். வேலை முடிந்ததும் ஒட்டுண்ணியை எடுத்துவிட்டு, புரோசஸுக்கு எதுவும் நடக்காத மாதிரி ஆக்கிவிடும்.

மீட்கும்போது இன்னும் வேடிக்கை. புதிதாக எந்தப் புரோகிராமையும் ஏற்றி (எக்ஸெக்) ஓட்டுவதில்லை. கிரியூவே ஃபோர்க் ஆகி (தன்னை நகலெடுத்து), பழைய பிஐடி (புரோசஸின் அடையாள) எண்ணையே வாங்கிக்கொண்டு, தன் மெமரியைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு, பழைய புரோசஸின் பக்கங்களை அதே முகவரிகளில் மாட்டிக்கொள்கிறது. கடைசியாக சிக்ரிட்டர்ன், சேமித்த ரெஜிஸ்டர்களை ஏற்றி விட்ட இடத்துக்குத் தாவும் அழைப்பு. அந்த நொடியில் இருந்து அது கிரியூ இல்லை, உங்கள் சிமுலேஷன்.

புதுக் கெர்னலில் விடிஎஸ்ஓ (கெர்னல் ஒவ்வொரு புரோசஸுக்குள்ளும் வைக்கும் குட்டி நூலகம்) மாறியிருந்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பீர்கள். கிரியூ பழைய விடிஎஸ்ஓவில் இருந்து புதியதற்குத் தாவும் பாலங்களைப் போட்டுவிடும். ரீபூட் செய்து புதுக் கெர்னலுக்குப் போவது அதற்குப் பழக்கமான வேலைதான்.

---

சும்மாஒருவன் எழுதியது:

கமிட் பற்றித் தவறாகச் சொன்னதற்கு மன்னிக்கவும். ஒரு சந்தேகம்: பிஐடி எண் ஏன் அதேதான் வேண்டும்?

---

பழையகெர்னல் எழுதியது:

புரோகிராம் தன் எண்ணையும் குழந்தைப் புரோசஸ்களின் எண்ணையும் மெமரியில் வைத்திருக்கலாம். எழுந்து பார்க்கும்போது எண் மாறியிருந்தால் வேறு யாருக்கோ கில் (நிறுத்தச் சொல்லும் சிக்னல்) அனுப்பிவிடும். கன்டெய்னர் இல்லாத சாதாரண புரோசஸை மீட்கும்போது அந்த எண்ணை ஏற்கெனவே வேறொருவர் எடுத்திருப்பது பெரிய தொல்லை. கன்டெய்னருக்குத் தனி பிஐடி நேம்ஸ்பேஸ் (தனக்கென ஓர் எண் வரிசை) இருப்பதால் அந்தப் பிரச்சினையே எழாது. நூலகக் கோப்புகளும் இமேஜோடு வருவதால் பதிப்பு மாறாது. கிரியூ நன்றாக வேலை செய்ய கன்டெய்னர்தான் சரியான இடம்.

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

அடுத்த தடை. டம்ப் லாக்கில், இணைப்பில் இருக்கும் டிசிபி சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பின் முனை) இருக்கிறது, 'டிசிபி எஸ்டாப்ளிஷ்டு' ஆப்ஷனைப் பரிசீலிக்கவும் என்று வருகிறது. டேட்டாபேஸ் இணைப்புதான் காரணம் என்று புரிகிறது. அந்த ஆப்ஷனைப் போட்டுவிடலாமா?

---

குழாய்வழி எழுதியது:

போடலாம், ஆனால் உங்கள் விஷயத்தில் வேண்டாம் என்பேன்.

கெர்னல் 3.5-இல் டிசிபி ரிப்பேர் என்றொரு வசதி வந்தது. அதன் மூலம் சாக்கெட்டின் வரிசை எண்களையும் வரிசையில் காத்திருக்கும் பைட்டுகளையும் எடுத்து வைத்து, பிறகு புதுச் சாக்கெட்டில் அதையே ஏற்றலாம். கைகுலுக்கல் எதுவும் நடக்காமலே இணைப்பு 'இணைந்த' நிலைக்கு வந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் எதிர்முனைக்கு ரீசெட் (இணைப்பை உடனே அறுக்கும் பாக்கெட்) போய்விடாமல் இருக்க கிரியூ ஃபயர்வால் விதி போட்டு பாக்கெட்டுகளை மறைக்கும்.

இது சில நொடிகளில் இன்னொரு மெஷினுக்கு இடம் மாறும்போது நன்றாக வேலை செய்யும். நீங்கள் செய்யப்போவது ரீபூட். ஹோஸ்ட் எழுந்து, நெட்வொர்க் வந்து, கன்டெய்னர் இன்னும் மீளாத நேரத்தில் டேட்டாபேஸில் இருந்து ஒரு பாக்கெட் வந்தால், அப்படி ஒரு இணைப்பே எனக்குத் தெரியாது என்று உங்கள் ஹோஸ்டே ரீசெட் அனுப்பலாம். எதிர்முனை எதையாவது அனுப்பிப் பதிலுக்குக் காத்திருந்தால் அதுவும் லினக்ஸின் இயல்பு அமைப்பில் சுமார் 15 நிமிடத்தில் கைவிட்டுவிடும். அதே ஐபி வேண்டும் என்பது தனிக் கதை.

புரோகிராமின் மூலக்கோடு இருக்கிறதா? இணைப்பு அறுந்தால் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

பார்த்தேன். எழுத முடியவில்லை என்றால் சாக்கெட்டை மூடிவிட்டு, அந்த வரியை ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, 60 நொடி தூங்கி மீண்டும் இணைய முயல்கிறது. இது தனி திரெட் (அதே புரோகிராமில் இணையாக ஓடும் கிளை), கணக்கீடு நிற்பதில்லை. எழுதியவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன், முதல் முறையாக.

---

குழாய்வழி எழுதியது:

பிரமாதம், இனி எளிது. ஹோஸ்டின் ஃபயர்வாலில், அந்தக் கன்டெய்னரின் ஐபியில் இருந்து போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டுக்குப் போகும் பாக்கெட்டுகளைத் தடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம்: டிராப் (பதில் சொல்லாமல் தூக்கிப்போடுவது) போடாதீர்கள், ரிஜெக்ட் (மறுத்துப் பதில் அனுப்புவது) போடுங்கள். அதிலும் 'டிசிபி ரீசெட்' வகை ரிஜெக்ட்.

டிராப் போட்டால் பழைய இணைப்பு பதில் வராமல் தொங்கிக்கொண்டே இருக்கும், புது முயற்சியும் பாதியில் நிற்கும் சாக்கெட்டாக இருக்கும். இரண்டும் கிரியூவுக்கு உறுத்தும். சாதாரண ரிஜெக்ட் ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழை) செய்தி அனுப்பும். ஏற்கெனவே இணைந்த டிசிபி அதைப் பெரிதாக மதிக்காது. ரீசெட் மட்டும்தான் உடனே அறுக்கும். அடுத்த வரியை எழுதப் போகும்போது இணைப்பு அறுந்து, புரோகிராம் சாக்கெட்டை மூடித் தூங்கப் போகும். அந்த 60 நொடித் தூக்கத்துக்குள் செக்பாயின்ட் எடுங்கள்.

விதியை நிரந்தரமாகச் சேமிக்காதீர்கள். ரீபூட்டில் தானாகப் போய்விடும்.

---

ரூட்டுவேர் எழுதியது:

இத்தனை வித்தை எதற்கு? ஆறு நாள் ஓடும் புரோகிராம் தன் நிலையைத் தானே எழுதி வைக்கத் தெரியாமல் இருப்பதுதான் பிழை. வரிசைகளை ஒரு கோப்பில் எழுதினால் 200 எம்பியில் முடியும். இங்கே 11 ஜிபியை, அதில் பாதி வெறும் தற்காலிகக் குப்பை, அப்படியே அள்ளிக்கொண்டு போகிறீர்கள். அந்தக் கோப்பை அடுத்த வருடம் வேறு மெஷினில் திறக்க முடியுமா? முடியாது.

---

பழையகெர்னல் எழுதியது:

நீங்கள் சொல்வது சரி, ஆனால் அவருக்கு நாளை இரவு ரீபூட். ஆறு நாளுக்கு முன் வந்து சொல்லியிருக்க வேண்டும்.

வேறு மெஷின் பற்றிச் சொன்னது முக்கியம். ஜிலிப்சி (லினக்ஸ் புரோகிராம்களின் அடிப்படை நூலகம்) தொடங்கும்போதே சிபியுவைப் பார்த்து, மெமரியை நகலெடுக்கும் மெம்காப்பி போன்றவற்றுக்கு எந்த வடிவம் என்று முடிவு செய்துவிடும். ஏவிஎக்ஸ்-512 என்ற சிபியு கட்டளைகள் உள்ள மெஷினில் தொடங்கியதை அது இல்லாத மெஷினில் மீட்டால், ஒன்று கிரியூவே மறுக்கும், இல்லாவிட்டால் எழுந்த மறுநொடியே இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று விழும். அதே மெஷினில் மீட்பவருக்கு இந்தக் கவலை இல்லை.

அதே ஜிலிப்சி இன்னொரு வேலையும் செய்தது. 2022-இல் வந்த 2.35 பதிப்பு ஆர்செக் என்கிற வசதியை எல்லாப் புரோசஸிலும் இயல்பாகவே இயக்கியது. கிரியூ 3.17-க்கு முந்தைய பதிப்புகளுக்கு அதைக் கையாளத் தெரியாது. அதனால் கிரியூ பதிப்பைப் பார்த்துவிடுங்கள், 'கிரியூ செக்' என்ற கட்டளையையும் ஒருமுறை ஓட்டுங்கள்.

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

பதிப்பு 3.19, செக் பச்சை. சோதனைக் கன்டெய்னரில் ஃபயர்வால் தந்திரம் வேலை செய்தது, செக்பாயின்ட் எடுத்துவிட்டேன். 'லீவ் ரன்னிங்' போட்டு எடுத்தேன், அசல் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று. பத்து நிமிடம் கழித்து அந்த டாரில் இருந்து வேறு பெயரில் மீட்கப் பார்த்தால், முன்னேற்ற லாக் கோப்பின் அளவு தவறு, இவ்வளவு எதிர்பார்த்தேன், இவ்வளவு இருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது.

---

குழாய்வழி எழுதியது:

அந்த லாக் பைண்ட் மவுன்ட்டில்தானே இருக்கிறது? ஓடிக்கொண்டிருந்த அசல் பத்து நிமிடம் அதில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. நகல் உறங்கியபோது கோப்பு 8,112 பைட் என்றால், எழும்போதும் 8,112 இருக்க வேண்டும் என்று கிரியூ எதிர்பார்க்கும். இல்லாவிட்டால் தன் காலடியில் உலகம் மாறிவிட்டது என்று மறுத்துவிடும். மறுப்பதுதான் நல்லது. இரண்டு பேர் ஒரே கோப்பில் எழுதுவதை நினைத்துப் பாருங்கள்.

நாளை அசலுக்கு லீவ் ரன்னிங் போடாதீர்கள். எடுத்ததும் நிற்கட்டும். மீளும் வரை யாரும் அந்தக் கோப்புறையைத் தொடக் கூடாது. லாக் கோப்புகளை அவ்வப்போது மாற்றிவைக்கும் லாக்ரொடேட் உட்பட! ரீபூட் நள்ளிரவை ஒட்டி என்றால் அது ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பூட்டுச்சாவி எழுதியது:

யாரும் சொல்லாததால் சொல்கிறேன். அந்த டார் கோப்பு உங்கள் புரோகிராமின் மூளை. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட், டோக்கன், டிஎல்எஸ் சாவி, மெமரியில் எது இருந்ததோ அதெல்லாம் பக்கங்கள் கோப்பில் வெறும் எழுத்தாக இருக்கும். சந்தேகமா? சோதனை டாரைப் பிரித்து ஸ்ட்ரிங்ஸ் கட்டளை கொடுத்து உங்கள் பாஸ்வேர்டைத் தேடிப் பாருங்கள்.

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

தேடினேன். மூன்று இடத்தில் இருக்கிறது. கோப்பு அனுமதியை ரூட்டுக்கு மட்டும் ஆக்கிவிட்டேன்.

---

பூட்டுச்சாவி எழுதியது:

மூன்றுதானா, நல்ல புரோகிராம்.

குபெர்நெட்டிஸில் (பல மெஷின்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) இதே விஷயத்தைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். 1.25-இல் ஆல்ஃபாவாக வந்து 1.30-இல் பீட்டா ஆன செக்பாயின்ட் வசதியின் முதல் நோக்கமே தடயவியல். ஊடுருவல் நடந்ததாகச் சந்தேகிக்கும் கன்டெய்னரை, உள்ளே இருப்பவனுக்குத் தெரியாமல், நிறுத்தாமல் நகலெடுத்து வேறு இடத்தில் வைத்து ஆராய. நமக்கு ஆபத்தாக இருப்பதே அங்கே பயன். அங்கே ஒவ்வொரு மெஷினிலும் ஓடும் கியூப்லெட்டின் ஏபிஐயை நேரடியாகக் கூப்பிட வேண்டும்.

இன்னொரு பொறி: ஒரே செக்பாயின்ட்டில் இருந்து இரண்டு நகல் எழுப்பினால், புரோகிராமுக்குள் இருக்கும் ரேண்டம் எண் இயந்திரமும் ஒரே நிலையில் இருந்து எழும். இரண்டும் ஒரே 'தனித்துவ' அடையாள எண்ணைத் தரும். கெர்னலிடம் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குபவருக்குப் பிரச்சினை இல்லை.

---

நடுராத்திரிக்கூலி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். டாக்கரில் இதைச் செய்ய முடியாதா? ரூட்லெஸ் (ரூட் உரிமை இல்லாமல் ஓடும்) போட்மேனில்? ஜிபியு இருந்தால்?

---

குழாய்வழி எழுதியது:

டாக்கரில் உண்டு, இன்னும் எக்ஸ்பெரிமென்டல்தான். அதை இயக்க டெமனை (பின்னணியில் ஓடும் டாக்கர் சேவை) ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். லைவ் ரிஸ்டோரை (டெமன் நின்றாலும் கன்டெய்னர்களை ஓடவிடும் அமைப்பு) முன்பே இயக்காமல் செய்தால், காப்பாற்ற நினைத்த கன்டெய்னரே அதில் நின்றுவிடும்! ரூட்லெஸ் போட்மேனில் முடியாது, ரூட் வேண்டும் என்று சொல்லிவிடும். ஜிபியு மெமரி கிரியூவுக்குத் தானாகத் தெரியாது. ஏஎம்டிக்கும் என்விடியாவுக்கும் தனித்தனி பிளக்இன் இருக்கிறது. நான் அதில் இறங்கியதில்லை, அதனால் புது இழை தொடங்குங்கள்.

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

21:40-க்கு லாக்ரொடேட்டை நிறுத்தினேன். 21:52-க்கு ரிஜெக்ட் விதி. அடுத்த நூறாவது படி வர நான்கு நிமிடம் ஆனது, அந்த நான்கு நிமிடம் ஒரு யுகம். லாக்கில் 'இணைப்பு அறுந்தது, 60 நொடியில் முயல்கிறேன்' என்ற வரி வந்ததும் செக்பாயின்ட் கட்டளையில் என்டர் தட்டினேன். திரையில் எதுவும் வரவில்லை. முன்னேற்றப் பட்டை கிடையாது என்று யாரும் எச்சரிக்கவில்லையே! ஒன்றரை நிமிடம் கழித்து கன்டெய்னரின் அடையாள எண் மட்டும் வந்தது. டார் கோப்பு 4.3 ஜிபி. வேறு ஒரு வட்டுக்கு இன்னொரு நகல் எடுத்துவிட்டு ரீபூட்.

சர்வர் எழுந்ததும் ரீஸ்டோர் கொடுத்தேன். முதல் முறை தோல்வி. பைண்ட் மவுன்ட் செய்யும் வட்டு தானாக மவுன்ட் ஆகவில்லை, கோப்புறை காலியாக இருந்தது. மவுன்ட் செய்துவிட்டு மறுபடி கொடுத்தேன். லாக்கின் கடைசி வரிகள் இவை:

21:56:08 படி 43,700 இணைப்பு அறுந்தது, 60 நொடியில் முயல்கிறேன்
22:49:31 இணைப்பு மீண்டது, நிலுவை 1 வரி எழுதப்பட்டது
23:10:07 படி 43,800

நடுவில் 53 நிமிடம் தூங்கியது அதற்குத் தெரியவே இல்லை.

---

ரூட்டுவேர் எழுதியது:

வாழ்த்துகள். இப்போதாவது சேமிக்கும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுங்கள்.

---

சும்மாஒருவன் எழுதியது:

மீதி எவ்வளவு நேரம் என்று காட்டுகிறதா?

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

காட்டுகிறது, ஆனால் உளறுகிறது. கடைசி நூறு படிக்கு ஆன நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் கழித்துப் பார்த்து, அதையே மீதிப் படிகளுக்குப் பெருக்குகிறது. மீண்டதும் முதல் கணக்கில் இன்னும் எட்டு நாளுக்கு மேல் என்றது. அடுத்த நூறில் தானாகச் சரியாகிவிட்டது.

---

பழையகெர்னல் எழுதியது:

மோனோடோனிக் கடிகாரத்தைப் பார்த்திருந்தால் ரீபூட்டில் அது பின்னோக்கியே போயிருக்கும், பூட் ஆனதில் இருந்துதானே எண்ணுகிறது. அந்தத் தொல்லைக்காகத்தான் கெர்னல் 5.6-இல் டைம் நேம்ஸ்பேஸ் (கன்டெய்னருக்கு அந்தக் கடிகாரத்தைத் தனியாகக் காட்டும் வசதி) கொண்டுவந்தார்கள். சுவர்க் கடிகாரத்துக்கு அது கிடையாது. உங்கள் புரோகிராமில் 'அரை மணி நேரம் அசைவில்லை என்றால் செத்துப்போ' என்கிற மாதிரி காவல் திரெட் எதுவும் இல்லையே?

---

மூன்றாம்ஷிப்ட் எழுதியது:

இருக்கிறது. இப்போதுதான் கோடில் தேடிப் பார்த்தேன். வரம்பு 3,600 நொடி.

---

பழையகெர்னல் எழுதியது:

ஏழு நிமிடத்தில் தப்பித்திருக்கிறீர்கள்.